ஆறு இலக்கம்

'இந்த எண்ணை எவரிடமும் பகிராதீர்கள்'
என்றுதான் ஒவ்வொரு முறையும் வருகிறது.
ஒரே ஒருத்தியிடம் மட்டும் பகிர்வது
போன ஆவணியிலிருந்து என் வேலை.

அக்கா கயற்கண்ணி
அயர்லாந்துக்கு நர்ஸாகக் கிளம்பியபோது
பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ என்றார்கள்.
நெல் மூட்டைத் தராசில் ஏற்றித்தான் பார்த்தோம்.
அரைக்கிலோ கூடுதல்.
புளிப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாள்.
பழைய சிம்மை என் உள்ளங்கையில் வைத்து,
"பேங்குக்கு இந்த நம்பர்தான்டா,
செத்துப்போகாமப் பாத்துக்க."

பட்டன் போனில் போட்டுச்
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
'காயவச்சு எடுத்துட்டு வாங்க' என்கிற வாயும் என்னுடையதுதான்.
அந்தச் சட்டைக்குள்
லிமரிக்கில் ஒரு குடும்பம் நடந்தது.

முதல் மாதம் விடாமல் வந்தது.
வாடகை முன்பணம்.
நகைக்கடன் வட்டி.
பிள்ளைக்கு ஒரு கோட்டு.
பத்தே நாளில் இன்னொரு கோட்டு.
ஹீட்டர்.
ஏதோ ஒரு மளிகைக் கடையில்
முன்னூற்றுச் சொச்சம்;
புளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசும்போது எல்லாமே நன்றாக இருந்தது.
"வீடு கதகதன்னு இருக்குடா" என்றாள்,
ஹீட்டர் வாங்குவதற்கு முந்தின வாரம்.

பகலவன் மச்சான்
பஸ் ஸ்டாண்டில் செல்போன் சரிபார்த்தவர்.
அங்கே வேலை கிடைக்கும்வரை
தளிர்மொழிக்குத் தலை பின்னி,
சோறு கட்டி, பள்ளியில் விட்டு,
வரும் வழியில் ஷானன் ஆற்றோரம் நின்று
போட்டோ அனுப்புவார்.
கரை தொட்டு ஓடும் தண்ணீர்.
போட்டோவின் மூலையில் தவறாமல்
அவர் கட்டைவிரல்.

தையில் குறைந்துபோனது.
அங்கேயே கணக்கு, அங்கேயே அட்டை.
வாரத்துக்கு ஒன்று வந்தது,
அப்புறம் அதுவுமில்லை.
சந்தோஷமான சங்கதிதான்.
ஆனாலும் பொழுது சாய்ந்தால்
கை தானாகப் பைக்குப் போகும்.

மாசி பிறந்து நாலாம் நாள்,
ராத்திரி இரண்டே முக்கால்.
தார்ப்பாயில் பனி சொட்டச்சொட்ட
நெல் குவியலுக்குக் காவலிருந்தோம்.
அதில் ஒரு குவியல் எங்களுடையது.
மீட்டரில் பத்தொன்பது காட்டியதால்
நானே ஒதுக்கி வைத்தது.

பை அதிர்ந்தது.
பேங்க் இல்லை. பதிவுத்துறை.
வில்லங்கச் சான்றுக்கு ஆறு இலக்கம்,
பத்து நிமிடம் செல்லும்.

கடைமடையில் அவள் பாகம் மூன்று மா.
உழுவது நான், விதைப்பது நான்,
வரப்பு வழக்கில் வாய்தாவுக்குப் போவதும் நான்.
எனக்குத் தெரியாமல் பார்த்துவிட நினைத்தாளா,
தெரியட்டும் என்றுதான்
இந்த வழியாக வந்தாளா?
ஒரே வயிற்றில் பிறந்தும்
இது பிடிபடவில்லை.

ஆறாவது நிமிடம்
என் சொந்த போனில் ஒரு குரல் பதிவு.
தூங்கப்போகிற நேரத்துத் தளிர்,
பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம்,
"மாமா, ஆறு வந்துருச்சான்னு
அம்மா கேக்கச் சொன்னாங்க."

அவளுக்குத் தெரிந்த ஆறு அதுதான்.
தினமும் அம்மா கேட்டுக் கேட்டுப்
பழகிய ஆறு.

எதிரே முள்ளியாறு கிடந்தது.
மேட்டூரை மூடி மூன்று வாரம்.
மதகடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர்,
அதில் லாரியின் விளக்கு.

'வந்துருச்சு தங்கம்' என்று அடித்தேன்.
அதன் கீழே இலக்கங்களை
ஒவ்வொன்றாக.
ஒன்பதாவது நிமிடம்
இரண்டு கோடும் நீலமாயின.
வேறொன்றும் வரவில்லை.

விடிந்ததும்
தார்ப்பாயை விலக்கி நெல்லைக் கிளறிவிட்டுக்
கடைத்தெருவுக்குப் போனேன்.
அந்த நம்பருக்கு
எண்பத்துநான்கு நாள் போடச் சொன்னேன்.
"இதுல யாருண்ணே பேசுறா?" என்றான் கடைப்பையன்.
"யாரும் பேசுறதில்ல" என்று
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.